கிட்டாரின் முகப்பலகை: வடிவமும் பொருத்தமும்

கிட்டார் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் மரத்தைப் பற்றித்தான். "முழு மரமா, பிளைவுட்டா? ஸ்புரூஸா, சிடாரா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கிடைத்ததுமே ஒலியைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டதுபோல் பலரும் விலைக்குத் தாவிவிடுகிறார்கள். ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்றை அரை மில்லிமீட்டர் கூடுதலாக இழைத்து, அதன் உட்புறம் ஒட்டும் சட்டங்களையும் வேறு மாதிரி செதுக்கினால், இரண்டு கிட்டார்களும் இரண்டு விதமாகப் பாடும். மரத்தின் பெயர் வெறும் தொடக்கம். குரலைத் தீர்மானிப்பது அதன்பின் பட்டறையில் நடக்கும் வேலை.

அந்த வேலையைப் புதியவர்களுக்கு விளக்குவதுதான் இந்தக் கட்டுரை. எஃகுக் கம்பி கட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரை, அதிலும் டிரெட்நாட் எனப்படும் பெரிய உடம்புக் கிட்டாரை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது அந்த வடிவம்தான். தச்சு வேலையோ இசைக் கோட்பாடோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கம்பி தனியாகப் பாடாது

பனையோலை விசிறியின் காம்பை மட்டும் எடுத்து வீசிப் பாருங்கள். எவ்வளவு வேகமாக வீசினாலும் முகத்தில் காற்றுப் படாது. காம்பு மெல்லியது, காற்று அதன் இருபுறமும் நழுவிப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். அதே காம்பில் ஓலை இருந்தால் மெதுவாக அசைத்தாலே போதும். கிட்டாரில் கம்பிதான் காம்பு. இறுக்கமாகக் கட்டிச் சுண்டினாலும் அது தள்ளும் காற்று மிகக் குறைவு. ஓலையின் வேலையைச் செய்வது கிட்டாரின் முன்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய மரத்தகடு. அதை இனி முகப்பலகை என்று சொல்கிறேன்.

கம்பியின் அதிர்வு முகப்பலகைக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அந்த வழி பிரிட்ஜ். முகப்பலகையின் மேல் ஒட்டியிருக்கும் கடினமான மரத்துண்டு அது; கம்பிகளின் ஒரு முனை அதில்தான் மாட்டியிருக்கும். பிரிட்ஜின் மேல் நிற்கும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டையைச் சாடில் என்பார்கள். கம்பி சாடிலை அசைக்கிறது, சாடில் பிரிட்ஜை, பிரிட்ஜ் முகப்பலகையை. முகப்பலகை காற்றைத் தள்ளி இழுக்க, நம் காதுக்கு ஒலி வருகிறது.

ஒலி நடுவிலுள்ள துளைக்குள்ளிருந்து வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. முகப்பலகை உள்ளே போகும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று அழுந்துகிறது. வெளியே வரும்போது தளர்கிறது. அதனால் துளையின் வாயில் இருக்கும் காற்று உள்ளும் புறமுமாக ஊசலாடும். டிரெட்நாட் அளவுள்ள பெட்டியில் இந்த ஊசல் விநாடிக்குச் சுமார் 100 தடவை என்ற இடத்தில் வலுவடைகிறது. தாழ்ந்த சுரங்களுக்குக் கிடைக்கும் அடர்த்தியில் பெரும்பங்கு இதனால் வருவது. மற்றபடி நாம் கேட்பதில் மிகுதியும் முகப்பலகையின் பரப்பிலிருந்து நேரடியாக எழும் ஒலி.

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் பிறந்த கிட்டார் செய்யும் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் இதை 1862-லேயே செய்து காட்டினார். பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக் கூழால் செய்து, முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து ஒரு கிட்டார் கட்டினார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்க மரங்களுக்கு ஒலியில் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. முதல் இடம் எதற்கு என்பதை அவர் சந்தேகமில்லாமல் காட்டிவிட்டார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கம்பி அசைக்கிறது, பிரிட்ஜ் கடத்துகிறது, முகப்பலகை காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்று தாழ்ந்த சுரங்களுக்குத் துணை நிற்கிறது.

எழுபது கிலோ இழுவை

நன்றாக ஒலிப்பது மட்டும் போதும் என்றால் முகப்பலகையைக் காகிதம்போல் மெலிதாக்கிவிடலாம். சிக்கல் என்னவென்றால், அதே பலகைதான் கம்பிகளின் இழுவையையும் தாங்க வேண்டும். லைட் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் சற்றுக் கூடுதலாக இழுக்கின்றன. கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் கம்பிகளில் இது ஏறக்குறைய 40 கிலோ. எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஓர் ஆளின் எடை இரவும் பகலும் பிரிட்ஜைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. வாசிக்காமல் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நேரத்திலும் அப்படித்தான்.

இந்த இழுவை பலகைக்கு இணையாகப் போனால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் கம்பி சாடிலின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அது பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து இழுப்பதால் பிரிட்ஜ் கழுத்துப் பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அதன் பின்புறம் பலகையை மேலே தூக்குகிறது. முன்புறம் கீழே அழுத்துகிறது. பழைய கிட்டார்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் தொந்தி விழுந்ததுபோலவும், துளைப் பக்கம் பள்ளம் விழுந்ததுபோலவும் தெரிவதற்குக் காரணம் இந்தக் கவிழ்ப்பு விசைதான்.

அசைய வேண்டும், ஆனால் சாயக் கூடாது. முகப்பலகையில் நடக்கும் எல்லா வேலையும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடும் வேலைதான். நல்ல கிட்டார் என்பது உடைந்துவிடுமோ என்ற எல்லைக்குச் சற்று இப்பால் நிற்கும் கிட்டார் என்று நான் நினைக்கிறேன். தொழிற்சாலைக் கிட்டார்கள் பெரும்பாலும் அந்த எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும். திருப்பி அனுப்பப்படும் கிட்டார் நிறுவனத்துக்கு நட்டம் என்பதால், பலகையைக் கனமாகவே விட்டுவிடுவார்கள். கையால் செய்கிறவரால் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகப் பார்த்து, அதன் எல்லைக்கு அருகில் கொண்டுபோக முடிகிறது. கைவேலைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான்.

மரத்தைத் தேர்வதும் இரண்டாகப் பிரிப்பதும்

முகப்பலகைக்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது ஸ்புரூஸ். குளிர்நாட்டு ஊசியிலை மரம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் சிட்கா ஸ்புரூஸும், ஐரோப்பிய மலைகளின் ஸ்புரூஸும் பெயர்பெற்றவை. கிளாசிக்கல் கிட்டாரில் சிவப்பு சிடாரும் உண்டு. 1960களில் மாத்ரித் நகரின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் அதைப் பரவலாக்கினார். இந்த மரங்களின் சிறப்பு, எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பதுதான். விறைப்பு என்றால் வளைக்க முயலும்போது பொருள் காட்டும் எதிர்ப்பு.

இந்திய ரோஸ்வுட் எனப்படும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு உலகக் கிட்டார்களில் பெரிய இடம் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆனால் அதன் இடம் பக்கங்களும் பின்புறமும், பிறகு பிரிட்ஜும். முகப்பலகைக்கு ஈட்டி மிகவும் கனம்.

மரத்தை எப்படி அறுக்கிறார்கள் என்பது மரத்தின் பெயர் அளவுக்கே முக்கியம். பலகையின் முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். அவை பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த மரமே முகப்பலகைக்கு ஏற்றது. அப்படி அறுத்தால் பலகையின் முகத்தில் நேர்கோடுகள் நெருக்கமாக ஓடும், ஈரம் மாறும்போது பலகை குறைவாகக் கோணும், குறுக்குவாட்டிலும் ஓரளவு விறைப்பு கிடைக்கும். இந்தக் கோடுகள் ஓடும் திசையை நார்த்திசை என்று சொல்லலாம். ஸ்புரூஸ் நார்த்திசையில் காட்டும் விறைப்பு குறுக்குத்திசையில் காட்டுவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

கட்டையை ரம்பத்தால் அறுக்கும் முன் கோடரியால் பிளந்து பார்ப்பவர்கள் உண்டு. பிளவு நாரைப் பின்பற்றிப் போகும். ரம்பம் நாம் காட்டிய வழியில் போகும். பிளந்த முகத்துக்கு இணையாக அறுத்தால் நார்கள் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். இல்லையென்றால் நார்கள் சாய்வாக வந்து பலகையின் மேல்முகத்தில் வெட்டுப்பட்டு நிற்கும்; பிரிட்ஜ் தூக்கும் விசையில் அந்த இடம் பெயர வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு அகலமான பலகை ஒரே துண்டாகக் கிடைப்பது அரிது. அதனால் ஒரு துண்டை நடுவில் அறுத்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்து, இரண்டையும் நடுவில் ஒட்டுகிறார்கள். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல் அமையும். ஒட்டும் ஓரங்களை நீண்ட இழைப்புளியால் நேராக்கி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். கோடு நெடுக எங்காவது ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் இழைப்புளிக்குப் போக வேண்டியதுதான். இறுக்கிப் பிடித்தால் இடைவெளி மூடிவிடும் என்று பசையை நம்பி விடக் கூடாது. அப்படி மூடிய இணைப்பு வறண்ட காலத்தில் அதே இடத்தில் திறக்கும்.

எவ்வளவு மெலிதாக்குவது

எஃகுக் கம்பிக் கிட்டாரின் முகப்பலகை பெரும்பாலும் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கிளாசிக்கல் கிட்டாரில் இன்னும் மெல்லியது, 2 மில்லிமீட்டரை ஒட்டியும் உண்டு. 2.5-க்கும் 3-க்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றும். பெரிய வித்தியாசம்தான். ஒரு பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். 3 மில்லிமீட்டர்ப் பலகையை 2.5-க்கு இழைத்தால் எடை ஆறில் ஒரு பங்குதான் குறையும். விறைப்போ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்துவிடும்.

அதனால்தான் "முகப்பலகை எத்தனை மில்லிமீட்டர்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்வது சரியாகாது. ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த துண்டுகள்கூட விறைப்பில் மாறுபடும். அனுபவமுள்ளவர் பலகையின் இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்ப்பார். நார்த்திசையில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. விரலால் தட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பார். சிலர் பலகையின் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் எடை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளந்து எழுதி வைப்பார்கள். கை உணர்வா அளவையா என்று இதில் சண்டை வேண்டாம். அளந்து பழகிய கைக்குத்தான் உணர்வும் கூர்மையாகிறது.

உள்ளே ஒட்டும் பிரேஸ்கள்

இந்தக் கனத்தில் இருக்கும் பலகை 70 கிலோ இழுவையைத் தனியாகத் தாங்காது. விசிறியின் ஓலையை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லியதாக இருந்தும் அது துவளாமல் நிற்பதற்கு அதில் ஓடும் மடிப்புகளும் நரம்புகளும் காரணம். எடையைக் கூட்டாமல் அவை விறைப்பைக் கூட்டுகின்றன. முகப்பலகையின் உட்புறம் ஒட்டும் மெல்லிய சட்டங்களும் அதைத்தான் செய்கின்றன. அவற்றுக்குப் பெயர் பிரேஸ்.

எஃகுக் கம்பிக் கிட்டாரில் முதன்மையான இரண்டு பிரேஸ்கள் துளைக்குச் சற்றுக் கீழே பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். எக்ஸ் பிரேசிங் என்பது இதுதான். பிரிட்ஜின் இரண்டு சிறகுகளும் இந்த எக்ஸின் கால்களுக்கு மேலே வந்து உட்காரும். அதனால் கவிழ்ப்பு விசை கால்களின் வழியே பரவிப் பக்கச்சுவர் வரை போகிறது. எஃகுக் கம்பியைத் தாங்கத்தான் இந்த அமைப்பைக் கண்டுபிடித்தார்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது சரியல்ல. ஜெர்மனியிலிருந்து 1833-இல் நியூயார்க்குக்குக் குடியேறி, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் தொழில் நடத்திய கிறிஸ்டியான் பிரெடரிக் மார்ட்டின் 1840களிலேயே எக்ஸ் பிரேசிங் போட்ட கிட்டார்களைச் செய்தார். அன்று கட்டியது குடல் நரம்பு. எஃகுக் கம்பி மார்ட்டின் கிட்டார்களில் வழக்கமானது 1920களில்தான். முன்பே இருந்த அமைப்பு புதிய சுமைக்கும் பொருந்திவிட்டது.

பிரேஸின் பருமனை முடிவு செய்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எக்ஸ் பிரேஸ் ஒன்று ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பும் இரட்டிப்பாகும், எடையும் இரட்டிப்பாகும். உயரத்தைக் கால் பங்கு கூட்டினாலே விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எடை கால் பங்குதான் கூடும். எனவே நல்ல பிரேஸ் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும். ஒட்டும் அடிப்பக்கம் அகலமாகவும் மேல்விளிம்பு குறுகலாகவும் இருக்கும்படி அதைச் செதுக்குகிறார்கள்.

செதுக்குவதுதான் இந்த வேலையில் மிகுந்த பொறுமை கேட்கும் கட்டம். பிரேஸ்களை ஒட்டியபின் உளியும் சிறு இழைப்புளியுமாக முனைகளை மெலிவாக்குவார்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பலகையை இரு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, பிரிட்ஜ் வரும் இடத்தில் தட்டிக் கேட்பார்கள். தொடக்கத்தில் ஒலி உயர்ந்தும் இறுகியும் கேட்கும். மரம் குறையக் குறைய ஒலி தாழ்ந்து, நீண்டு நிற்கத் தொடங்கும். இதைத் தட்டொலி என்கிறோம். தட்டொலியை வைத்து ஏதோ ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குப் பலகையை "டியூன்" செய்கிறார்கள் என்ற கதையைப் பலர் நம்புகிறார்கள். பெட்டியில் ஒட்டி, பிரிட்ஜும் பூச்சும் கம்பியும் ஏறியதும் அந்தச் சுரம் மாறிவிடும். தட்டிக் கேட்பதன் உண்மையான பயன் வேறு: இதுவரை செய்த பலகைகளோடு இந்தப் பலகையை ஒப்பிடுவதும், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதும்.

சில கிட்டார்களில் எக்ஸின் கால்களில் நடுப்பகுதியைப் பள்ளமாகக் குடைந்து விடுவார்கள். ஸ்காலப் செய்த பிரேஸ் என்று அதைச் சொல்வார்கள். பலகை கூடுதலாக அசையும். தாழ்ந்த சுரங்கள் பெருகும். மார்ட்டின் நிறுவனம் 1944 இறுதியில் இதை நிறுத்தியது. அன்று பலரும் தடித்த கம்பிகளைக் கட்டினார்கள், பலகைகள் தாங்கவில்லை. பிறகு 1976-இல் எச்டி-28 என்ற வகையில் அதை மீண்டும் கொண்டுவந்தது. ஸ்காலப் செய்த கிட்டாரில் தடித்த கம்பி கட்டாதீர்கள் என்று கடைக்காரர் சொன்னால் அதற்குக் காரணம் இதுதான்.

பிரிட்ஜுக்கு நேர் கீழே, உட்புறத்தில், மேப்பிள் அல்லது ரோஸ்வுட்டில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். கம்பிகளின் முனையிலுள்ள குண்டுகள் அதில்தான் உட்காருகின்றன. மென்மையான ஸ்புரூஸில் நேரடியாக உட்கார்ந்தால் துளைகள் நாளடைவில் பிய்ந்துவிடும்.

சுருக்கிச் சொன்னால், பலகையை மெலிதாக்கியதால் இழந்த வலுவைப் பிரேஸ்கள் குறைந்த எடையில் திருப்பித் தருகின்றன. எங்கே எவ்வளவு திருப்பித் தருவது என்பதில்தான் ஒவ்வொரு கைவினைஞரின் குரலும் இருக்கிறது.

தட்டையாகத் தெரியும் பலகை தட்டையல்ல

கண்ணுக்கு முகப்பலகை தட்டையாகத்தான் தெரியும். ஒரு நேர் அளவுகோலைப் பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்கே வைத்துப் பார்த்தால், நடு தொட்டுக்கொண்டும் இரு ஓரங்கள் சற்று விலகியும் இருக்கும். நல்ல கிட்டார்களில் இந்த வளைவு வேண்டுமென்றே வைத்தது. மிகப் பெரிய உருண்டை ஒன்றின் மேல்பரப்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டுபோன்ற வளைவு அது. பலர் பயன்படுத்தும் ஆரம் 28 அடி, அதாவது ஏறக்குறைய 8.5 மீட்டர். டிரெட்நாட்டின் அகலமான பகுதி சுமார் 400 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் நடுப்பகுதி ஓரங்களைவிட 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த 2 மில்லிமீட்டர் பல வேலைகள் செய்கிறது.

இது வயலினின் வளைவு போன்றதல்ல. வயலினிலும், ஜாஸ் இசையில் பயன்படும் ஆர்ச்டாப் கிட்டாரிலும் தடித்த கட்டையைக் குடைந்து வளைவை உருவாக்குவது மரபு. இங்கே பலகை தட்டையாகத்தான் பிறக்கிறது; வளைவைக் கொடுப்பவை பிரேஸ்கள். ஒவ்வொரு பிரேஸின் அடிவிளிம்பையும் அந்த ஆரத்துக்கு ஏற்ப வளைவாக இழைத்துக்கொள்வார்கள். அதே ஆரத்தில் குழிவாகச் செய்த தட்டு ஒன்று பட்டறையில் இருக்கும். பலகையை அந்தக் குழித்தட்டில் முகம் கீழாக வைத்து, மேலே பிரேஸ்களைப் பசையோடு வைத்து, வளையும் மெல்லிய கழிகளைப் பிரேஸுக்கும் மேலேயுள்ள கூரைப்பலகைக்கும் நடுவில் விறைப்பாகச் செருகிவிடுவார்கள். கழிகள் நிமிரப் பார்க்கும்; அந்த விசையில் பிரேஸும் பலகையும் குழியில் அழுந்தி ஒட்டும். பசை காய்ந்து எடுக்கும்போது பலகை வளைவோடு வரும்.

வளைவு எதற்கு? முதல் காரணம் ஈரம். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாருக்குக் குறுக்கே விரியும், வறண்டால் சுருங்கும். நார்த்திசையில் இந்த மாற்றம் மிகச் சொற்பம். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்திலிருந்து 25 சதவீதத்துக்கு இறங்கினால் 400 மில்லிமீட்டர் அகலமான ஸ்புரூஸ் பலகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். குறுக்கே ஓடும் பிரேஸ்களோ நீளத்தில் சுருங்காது. பலகை தட்டையாகவே ஒட்டப்பட்டிருந்தால் சுருங்க இடமில்லாமல் குழிந்து, கடைசியில் நாரோடு கீறல் விடும். வளைவாக இருந்தால் முதலில் வளைவு தணியும். கீறல் விழும் முன் அந்த அளவுக்கு இடம் கிடைக்கிறது. இரண்டாவது காரணம், வளைந்த பரப்பு தட்டைப் பரப்பைவிட விறைப்பானது என்பதால் பிரிட்ஜின் கவிழ்ப்பைத் தாங்க அதற்குக் கூடுதல் மரம் தேவைப்படுவதில்லை.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் பிரேஸ் ஒட்டும் அறையின் ஈரப்பதம் 40 முதல் 45 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஈரமான காற்றில் விரிந்து நிற்கும் பலகையில் பிரேஸை ஒட்டினால், பின்னால் எங்கு போனாலும் அது சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். கடலோர ஊர்களில் கிட்டார் செய்கிறவர்களுக்கு ஈரம் நீக்கும் இயந்திரம் இழைப்புளிக்குச் சமமான கருவி.

பெட்டியோடு பொருத்துவது

வளைந்த பலகையைப் பெட்டியில் ஒட்டும் கட்டத்தை "மூடி போடுவது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதுவரை செய்த வேலையெல்லாம் வீணாகக்கூடிய இடமும் இதுதான்.

பக்கச்சுவர் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான கனமுள்ள மரப்பட்டை. நனைத்துச் சூடாக்கி வளைத்து, அச்சுக்குள் வைத்து, கழுத்துப் பக்கம் ஒரு கட்டையும் அடிப்பக்கம் ஒரு கட்டையும் கொடுத்து இணைத்திருப்பார்கள். 2 மில்லிமீட்டர் விளிம்பில் முகப்பலகையை ஒட்டினால் நிற்காது. ஆகவே உள்விளிம்பைச் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் அளவு அகலமான மரக்கீற்று ஒன்றை ஒட்டுவார்கள். வளைவுகளில் மடங்குவதற்காக நெருக்கமாக வெட்டு விட்ட கீற்று அது. அதற்கு லைனிங் என்று பெயர். கிட்டாரின் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஓரத்தில் பல்வரிசைபோல் தெரிவது இதுதான்.

இனித்தான் கவனிக்க வேண்டியது. பலகை உருண்டையின் ஒரு துண்டு என்றால், அது உட்காரும் விளிம்பும் அதே உருண்டையின்மேல் இருக்க வேண்டும். அகலமான கீழ்ப்பகுதியின் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து தூரத்தில் இருப்பதால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இடுப்புப் பகுதி நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சற்று உயர்ந்திருக்க வேண்டும். விளிம்பின் மேல்முகமும் சமமாக இருந்தால் போதாது. வெளிப்புறமாக ஒன்றரை டிகிரி அளவு சாய்ந்திருக்க வேண்டும். இதைக் கையால் அளந்து செய்வது கடினம். எளிய வழி ஒன்று உண்டு. பிரேஸ் ஒட்டிய அதே ஆரமுள்ள குழித்தட்டில் உப்புத்தாளை ஒட்டி, பக்கச்சுவரின் மேல் கவிழ்த்து வைத்து, இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித் தேய்ப்பார்கள். விளிம்பு முழுக்கப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தேய்த்தால், எங்கே கோடு அழியவில்லையோ அங்கே இன்னும் தட்டு தொடவில்லை என்று தெரியும். எல்லாக் கோடும் அழிந்ததும் விளிம்பும் பலகையும் ஒரே வளைவுக்கு வந்துவிட்டன.

பிரேஸ் முனைகள் அடுத்தது. துளைக்கு மேலே குறுக்காக ஓடும் பிரேஸும் எக்ஸின் முனைகளும் லைனிங்கைத் தொடும் இடங்களில் லைனிங்கைப் பள்ளம் வெட்டி, முனைகளை அதற்குள் உட்கார வைப்பார்கள். முனை சுவரில் தாங்கி நிற்க வேண்டும், ஆனால் சுவரை வெளியே தள்ளக் கூடாது. பள்ளம் ஆழம் குறைந்தால் பலகை அந்த இடத்தில் தூக்கி நிற்கும்; கூடினால் முனை தாங்கலின்றித் தொங்கும், பின்னால் அதிர்ந்து கரகரக்கவும் செய்யும்.

பசை தொடுமுன் ஒருமுறை எல்லாவற்றையும் உலர்வாக வைத்துப் பார்ப்பது கட்டாயம். பலகை தன் எடையில் இறங்கி, விரல் நுனியால் அழுத்தினாலே சுற்றிலும் இடைவெளியின்றி உட்கார வேண்டும். கிளாம்ப் போட்டு முறுக்கித்தான் மூடுகிறது என்றால் பொருத்தம் சரியில்லை. பசை அதைப் பிடித்து வைக்கும் என்பது உண்மைதான். அந்த முறுக்கு பலகைக்குள்ளேயே தங்கிவிடும். பலகை ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் நிற்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: வடிவம் முன்பே ஒத்துப்போக வேண்டும், பசை வடிவத்தைத் திருத்தக் கூடாது.

ஒட்டுவதற்கு மஞ்சள் மரப்பசையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரத்தை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். வச்சிரம் காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும். வெப்பமும் ஈரமும் கொடுத்தால் பிரியும், பழுதுபார்க்க வசதி. ஆனால் சூடு ஆறியதும் உறையத் தொடங்கிவிடும் என்பதால் மரத்தையும் சூடாக்கிக்கொண்டு விரைந்து முடிக்க வேண்டும்.

கழுத்துப் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கழுத்தின் மேல் விரல்கள் கம்பியை அழுத்தும் பலகையை விரற்பலகை என்பார்கள். அதன் மேல் நேர் அளவுகோலை வைத்து நீட்டினால் அது பிரிட்ஜின் மேல்முகத்தை மயிரிழையில் தொட்டுச் செல்ல வேண்டும். முகப்பலகையின் வளைவு பிரிட்ஜைத் தூக்குவதால், கழுத்து அதற்கேற்பச் சற்றுப் பின்சாய வேண்டியிருக்கிறது. அதனால் கழுத்துக்கட்டைக்கு மேலுள்ள பகுதியைத் தனியாக, ஏறக்குறைய தட்டையாக, தேவையான சாய்வில் இழைப்பார்கள்.

ஒட்டிக் காய்ந்ததும் வெளியே நீட்டியிருக்கும் பலகையை ஓரத்தோடு வெட்டிவிட்டு, விளிம்பில் படி வெட்டி மெல்லிய பட்டை பதிக்கிறார்கள். அழகுக்கு என்று நினைப்போம். பலகையின் அறுபட்ட முனைகளை ஈரத்திலிருந்தும் இடியிலிருந்தும் காப்பதும் அதுதான்.

ஸ்பானிய வழி வேறு. அங்கே குழிவான வேலைப்பலகை ஒன்றில் முகப்பலகையை முகம் கீழாக வைத்து, கழுத்தை அதோடு இணைத்து, பக்கச்சுவர்களைக் கழுத்தின் அடியிலுள்ள வெட்டுகளில் செருகி, சிறுசிறு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சுவரையும் முகப்பலகையையும் பிணைப்பார்கள். பெட்டியின்மேல் முகப்பலகை வருவதற்குப் பதில், முகப்பலகையின்மேல் பெட்டி எழுகிறது. வளைவைப் பலகை இழக்காமலிருப்பதற்கு இது மிக நல்ல முறை.

உங்கள் கிட்டாரில் பார்க்க வேண்டியது

பிரிட்ஜுக்குப் பின்னால் சற்று மேடாக இருப்பதைப் பார்த்துப் பலர் கிட்டார் கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். மேலே சொன்ன வளைவுதான் அது. கம்பி இழுவையில் கொஞ்சம் கூடவும் செய்யும். சென்னை போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து விரியும். உள்ளே பிரேஸ் நீளாததால் பலகை வெளிப்புறமாக உப்பும். பிரிட்ஜ் உயரும், கம்பிகள் விரற்பலகையிலிருந்து எழும்பி வாசிக்கக் கடினமாகும். அதே கிட்டார் நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் கிடந்தால் வளைவு தணிந்து, கம்பிகள் இறங்கி இரைய ஆரம்பிக்கும். இரண்டுமே ஈரத்தின் வேலை. சாடிலை உடனே அறுக்கக் கொடுத்துவிடாமல், கிட்டாரை ஒரு வாரம் உறைக்குள் மூடி வைத்து, சிறிய ஈரமானி ஒன்றையும் உள்ளே போட்டு எண்ணைப் பாருங்கள். 45-லிருந்து 55-க்குள் இருந்தால் நல்லது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் தெளிவான பள்ளம் விழுந்திருக்கிறதா, தட்டும்போது ஏதாவது ஓரிடத்தில் பிரேஸ் விட்டுப்போனதுபோல் சலசலக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மெல்லிய காகிதத்தைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் அது நுழையாது. வார்னிஷ் ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் நுழைந்தால் பெரிதில்லை. அதற்கு மேல் போனால் கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பிரிட்ஜ் தானாகப் பிய்ந்து வரும்வரை விட்டால் ஸ்புரூஸின் நார்களையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்; அதன்பின் மறுபடி ஒட்டுமுன் பலகையையே சீர்செய்ய வேண்டியிருக்கும்.